கேட்காத கேள்விக்குப் பதில்

பிப்ரவரி 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நானும் வாலுவும் சௌகரியமாக இருக்கிறோம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? காட்சியகத்துக் கேள்வி மேசையில் நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்காராமல் நடுநடுவே எழுந்து நடங்கள்.

இங்கே கடையில் வேலை தலைக்கு மேல். பள்ளிகளில் கண் பரிசோதனை நடத்தியிருக்கிறார்கள். லென்ஸ் தேய்த்து, சட்டத்தில் பொருத்தி, ஒரு நாளைக்கு நாற்பது மூக்குக்கண்ணாடி தருகிறேன். வீட்டுக்கு வந்தால் சுவர்கூட வளைந்து தெரிகிறது.

உங்கள் மருமகள் வாலுவுக்கு ஏழு வயது முடிந்ததும் கேள்விப் பைத்தியம் பிடித்துவிட்டது. அப்பா கப்பலில், மாமா மீன் காட்சியகத்தில் என்பதால் எல்லாக் கேள்வியும் கடலைச் சுற்றியே வருகிறது. மீன் தூங்குமா, தூங்கினால் கண்ணை மூடுமா, கடலில் இருக்கிற மீனுக்குத் தாகம் எடுத்தால் என்ன செய்யும்? என்னிடம் பதில் இல்லை. நீங்கள் எழுதுங்கள், படித்துக் காட்டுகிறேன்.

உங்கள் மாப்பிள்ளையின் கடிதங்கள் வழக்கம்போலக் கம்பெனி அலுவலகம் வழியாக வருகின்றன. நலமாக இருக்கிறாராம். ஆண் கடல்குதிரை குட்டி போட்டதைக் கண்ணால் பார்த்ததாக இந்த முறை எழுதியிருக்கிறார். வயிற்றுப் பையிலிருந்து ஒவ்வொன்றாகத் தெறித்து வந்ததாம். அப்படியும் உண்டா?

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்,
தங்கை

பிப்ரவரி 19

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கண்டேன். நான் நலம். முதுகுவலிக்காகப் புதிதாக ஒரு கட்டில் வாங்கியிருக்கிறேன். அறையில் நடக்க இடமில்லை என்பதைத் தவிரக் குறை ஒன்றும் இல்லை.

வாலுவிடம் சொல். மீன் தூங்கும், ஆனால் அதை நாம் சொல்கிற தூக்கத்தோடு சேர்க்க முடியாது. பெரும்பாலான மீன்களுக்கு இமையே கிடையாது. ஆகவே விழித்தபடியே அசையாமல் ஓய்வெடுக்கும், என் மேலதிகாரியைப் போல. கடல் மீன் கடல் தண்ணீரையே குடிக்கும், அதிலுள்ள உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிவிடும். ஆற்று மீன் கிட்டத்தட்டக் குடிப்பதே இல்லை, தண்ணீர் தானாகவே அதன் உடம்புக்குள் ஏறிவிடும்.

இங்கே வருகிறவர்கள் இவ்வளவு நல்ல கேள்வி கேட்பதில்லை. நூறு பேர் வந்தால் அறுபது பேர் கழிப்பறைக்கு வழி கேட்கிறார்கள். முப்பது பேர் கண்ணாடியைத் தட்டிக் காட்டி, "இதைச் சாப்பிடலாமா?" என்கிறார்கள்.

கடல்குதிரை விஷயம் உண்மைதான். பெண், முட்டைகளை ஆணின் பையில் இட்டுவிட்டுப் போய்விடும். சுமப்பதும் பெறுவதும் ஆண். கடலில் இருப்பவர்களுக்கு எவ்வளவோ கண்ணில் படும். கொடுத்துவைத்த மனிதர்.

வாலுவுக்கு என் முத்தங்கள்.

உன் அண்ணன்

மார்ச் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் நலம். புதுக் கட்டிலில் வலி குறைந்ததா?

உங்கள் பதில்களை வாலு மூன்று முறை படிக்கச் சொன்னாள். கடல்குதிரைப் படத்தைப் பள்ளி நூலகத்தில் தேடிக் கண்டுபிடித்தாள். படத்துக்குக் கீழே அது விரல் நீளம்தான் என்றும், கரையோரக் கடற்புல்லில் வாலைச் சுற்றிக்கொண்டு இருக்கும் என்றும் போட்டிருந்தது. அப்போதிருந்து எனக்கு ஒரு யோசனை.

அவர் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை செய்கிறவர். போன இரண்டு ஒப்பந்தங்களின்போது எழுதிய கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். எண்ணெய், வெக்கை, சமையல்காரரோடு சண்டை, இவைதான் இருக்கின்றன. மீன் என்ற சொல் சாப்பாட்டுத் தட்டில் மட்டும்தான் வருகிறது. ஜனவரியிலிருந்து வருகிற கடிதங்களில் எஞ்சினைக் காணோம். எல்லாம் மீன், நண்டு, நட்சத்திர மீன். நட்சத்திர மீனின் அடிப்பக்கத்துக் குழாய்க் கால்கள் எப்படி அசையும் என்று அரைப் பக்கம் எழுதுகிறார். அடிப்பக்கம் எப்படித் தெரிந்தது, அண்ணா? ஓடுகிற கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்த்தால் விரல் நீளக் குதிரை தெரியுமா?

நான் எதையும் கற்பனை செய்யவில்லை. உங்களுக்குக் கடலைத் தெரியும் என்பதால் கேட்கிறேன். வாலு கேட்பது: சுறா நீந்துவதை நிறுத்தினால் செத்துவிடுமா?

அன்புடன்,
தங்கை

ஏப்ரல் 2

அன்புத் தங்கைக்கு,

பதில் தாமதமாகிவிட்டது, மன்னித்துக்கொள். காட்சியகத்தில் ஒரு தொட்டி கசிந்து பெரிய அமர்க்களம். இப்போது எல்லாம் சரி. உனக்கு இருமல் என்று வாலு ஓரத்தில் எழுதியிருந்தாளே, மருத்துவரைப் பார்த்தாயா?

சில வகைச் சுறாக்கள் நீந்திக்கொண்டே இருந்தால்தான் மூச்சு விட முடியும். எல்லாச் சுறாவும் அப்படி இல்லை. எங்கள் தொட்டியில் ஒன்று நாள் முழுக்க மணலில் படுத்துக் கிடக்கிறது, நன்றாகத்தான் இருக்கிறது.

வாலு கேட்காவிட்டாலும் ஒன்று சொல்கிறேன். ஆக்டோபஸுக்கு மூன்று இதயம். இரண்டு செவுளுக்கு, ஒன்று மற்ற உடம்புக்கு. அது நீந்தக் கிளம்பியதும் அந்த மூன்றாவது இதயம் நின்றுகொள்ளும். வீடு மாற்றுகிற நாளில் சாமான் தூக்க ஆரம்பித்ததும் நம் பெரிய மாமாவுக்கு மூச்சு வாங்குமே, அதே கதைதான்.

மாப்பிள்ளை கடிதத்தைப் பற்றி நான் என்ன சொல்ல? துறைமுகத்தில் கப்பல் நிற்கும் நாட்களில் தூணோரம் பார்த்திருப்பார். புத்தகத்திலும் படித்திருக்கலாம். வீட்டை விட்டுத் தூரத்தில் இருக்கிறவர் மனசு எதையாவது பிடித்துக்கொள்ளும். நீ ரொம்ப யோசிக்காதே.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஞாயிறன்று நாங்கள் கம்பளி எல்லாவற்றையும் துவைத்துக் காயப்போட்டோம்.

உன் அண்ணன்

மே 5

அன்புள்ள அண்ணாவுக்கு,

இருமல் போய்விட்டது. வாலுவுக்கு முன்பல் விழுந்துவிட்டது.

நேற்று அவருடைய கடிதம் வந்தது. இரண்டாவது பக்கத்தில் இருப்பதை அப்படியே எடுத்து எழுதுகிறேன்: "ஆக்டோபஸ் நீந்தும்போது ஒரு இதயம் வேலையை நிறுத்திவிடும். வீடு மாற்றுகிற அன்றைக்கு உங்கள் பெரிய மாமாவுக்கு மூச்சு வாங்குவது போல."

பெரிய மாமா எங்கள் கல்யாணத்துக்கு ஐந்து வருஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் சாமான் தூக்கியதையோ தூக்காததையோ உங்கள் மாப்பிள்ளை பார்த்ததில்லை. நான் சொன்னதும் இல்லை. உங்கள் வார்த்தை அவர் வாய்க்கு எப்படிப் போனது? நீங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்கிறீர்களா? எழுதிக்கொண்டால் தவறில்லை, ஆனால் என்னிடம் ஏன் சொல்லவில்லை?

இன்னொன்று. தனி ஆளாக ஒற்றை அறையில் இருக்கிறீர்கள். ஞாயிறன்று "நாங்கள்" துவைத்தோம் என்றால் யார் யார்?

கோபத்தில் கேட்கவில்லை. கண்ணாடிக் கடையில் இருந்து இருந்து, ஒரு நூல் கோணல் இருந்தாலும் எனக்குக் கண்ணை உறுத்துகிறது.

தங்கை

மே 27

அன்புத் தங்கைக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

நீ கேட்டதற்குச் சின்ன விளக்கம்தான். மார்ச் கடைசியில் மாப்பிள்ளையின் கப்பல் இரண்டு நாள் இங்கே துறைமுகத்தில் நின்றது. என் அறைக்கு வந்தார். காட்சியகத்தைச் சுற்றிக் காட்டினேன், பேச்சோடு பேச்சாகப் பெரிய மாமா கதையும் வந்தது. ஊருக்கு வர நேரமில்லை என்று தெரிந்தால் நீ வருத்தப்படுவாய் என்று எழுதாமல் விட்டேன். "நாங்கள்" என்பது பக்கத்து அறைக்காரரும் நானும். தண்ணீர் வருகிற நேரத்தில் சேர்ந்து துவைப்போம்.

பல் விழுந்த வாய்க்காரியிடம் சொல், அவள் கேட்ட நண்டு விஷயத்தை விசாரித்துவிட்டேன். வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றிவிட்டு வெளியே வரும். அந்தப் பழைய ஓட்டைச் சில வகை நண்டுகள் கொஞ்சம் தின்றுவிடும், புது ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே. புது ஓடு இறுகும்வரை உடம்பு பஞ்சு மாதிரி இருக்கும். அதுவரை கல்லிடுக்கை விட்டு வெளியே வராது. அந்த நாட்களில் யாரும் அதைத் தொடாமல் இருப்பது நல்லது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

ஜூன் 10

அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம்.

நண்டு பழைய ஓட்டை என்ன செய்யும் என்று வாலு உங்களிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மே 6ஆம் தேதி அவருக்கு எழுதிய கடிதத்தில், "உங்கள் மகள் கேட்கிறாள்" என்று நானே யோசித்து எழுதிய கேள்வி அது. உலகத்தில் வேறெந்தக் காகிதத்திலும் அது இல்லை. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன். அவருடைய கப்பல் மார்ச்சில் வந்து போயிற்று என்றால், மே மாதக் கேள்வி ஜூன் பிறப்பதற்குள் உங்கள் மேசைக்கு எப்படி வந்தது?

அவர் அந்த ஊரில்தான் இருக்கிறார். நீங்கள் தினமும் பார்க்கிற தூரத்தில் இருக்கிறார். யாரோடு இருக்கிறார் என்பதை மட்டும் எழுதுங்கள். பெண் என்றால் பெண் என்று எழுதுங்கள். ராத்திரி பகலாக இதையே நினைத்து, போன வாரம் ஒரு கிழவருக்கு வலது கண் லென்ஸை இடது பக்கம் மாட்டிக் கொடுத்துவிட்டேன். பாவம், அவர் படியில் தடுக்கி விழப் பார்த்தார்.

சின்ன வயதில் நான் பொய் சொன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும். உங்கள் பொய் எனக்குத் தெரிய இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

தங்கை

ஜூலை 12

அண்ணாவுக்கு,

ஒரு மாதமாகப் பதில் இல்லை. கம்பெனிக்கு நானே எழுதினேன். எட்டு வரியில் பதில் வந்திருக்கிறது. அவர் போன டிசம்பர் 14ஆம் தேதியே வேலையை விட்டு விலகிவிட்டாராம். தனிப்பட்ட காரணம் என்று போட்டிருக்கிறார்கள்.

அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். வாலுவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் கேள்வி மேசைக்கு முன்னால் வரிசையில் நின்று கேட்கிறேன். அங்கே எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்.

தங்கை

ஜூலை 15

என் அன்புத் தங்கைக்கு,

உன் இரண்டு கடிதமும் எதிரே இருக்கின்றன. ஜூன் கடிதத்துக்கு நான்கு முறை பதில் எழுதிக் கிழித்தேன். இதை முழுவதும் படித்த பிறகு வருவதா வேண்டாமா என்று முடிவு செய்.

பெண் யாரும் இல்லை. அவர் என் அறையில், நான் வாங்கிய அந்தக் கட்டிலில் படுக்கிறார். டிசம்பரிலிருந்து எங்கள் காட்சியகத்தில் தீனி போடுகிற வேலை பார்க்கிறார். வீட்டுக்கு அனுப்புகிற பணம் குறையக் கூடாதென்று மாலையில் தொட்டி கழுவுகிற வேலையையும் சேர்த்துப் பார்க்கிறார். கடிதங்களைக் கம்பெனியிலிருக்கிற பழைய கூட்டாளி ஒருவர் மூலம் அனுப்புகிறார், உன் கடிதங்களும் அவர் வழியாகவே வருகின்றன.

நடந்தது இது. நவம்பரில் கப்பல் கிளம்பிய மூன்றாவது வாரம் பம்பு அறையில் ஒரு குழாய் வெடித்தது. கதவு அடைத்துக்கொண்டது. உள்ளே அவரும், எண்ணெய் போடுகிற பெரியவர் ஒருவரும். பெரியவருக்கு நெஞ்சில் அடி. வெளியே இருந்தவர்கள் கதவை வெட்டித் திறக்க ஒன்பது மணி நேரம் ஆனது. நாலாவது மணி நேரத்தில் பெரியவர் இறந்துவிட்டார். மீதி ஐந்து மணி நேரமும் மாப்பிள்ளை அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

கப்பல் இங்கே திரும்பியது. பழுது பார்த்து மறுபடி கிளம்பும்போது இவர் மூன்று நாள் துறைமுகத்துக்குப் போனார். மூன்று நாளும் கப்பல் படியில் கால் வைக்க முடியாமல் திரும்பினார். மூன்றாம் நாள் சாயங்காலம் என் அறை வாசலில் பையோடு நின்றார். "ஒரு மாசம் மட்டும் மச்சான். அவகிட்ட சொல்லிடாதீங்க" என்றார்.

ஏன் சொல்லக் கூடாது என்று கேட்டேன். சொன்னார். "போகாதீங்கன்னு கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. நான் இல்லாம எஞ்சின் ஓடாதுன்னு அவ கையை எடுத்து விட்டுட்டு வந்தேன். இப்ப பயந்து திரும்பிட்டேன்னு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போய் நிக்கிறது?"

அந்தச் சண்டையை நீயும் எனக்கு எழுதவில்லை.

ஒரு மாதம் ஏழு மாதமாகிவிட்டது. அடுத்த வாரம் சொல்கிறேன், அடுத்த மாதம் சொல்கிறேன் என்பார். நானும் விட்டுவிட்டேன். அவர் உனக்கு எழுதிய மீன்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை, எல்லாம் அவர் கண்ணால் பார்த்தவை. பொய் சொன்னது நான்தான். துறைமுகக் கதையும் பக்கத்து அறைக்காரரும் என் சரக்கு. நண்டைப் பற்றி அவர் என்னிடம் கேட்டபோது, நீ எனக்கும் எழுதியிருப்பதாக நினைத்துக்கொண்டேன். பொய் சொல்கிறவனுக்கு ஞாபகசக்தி வேண்டும், எனக்கு அது இல்லை.

உன் கடிதத்தை இன்று காலை அவரிடம் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டு வேலைக்குப் போனார்.

உன் அண்ணன்

ஜூலை 17

அன்புள்ள உனக்கு,

மச்சான் எல்லாவற்றையும் எழுதிவிட்டதாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை, நான்தான் வாயைக் கட்டினேன்.

நீ வர வேண்டாம். இங்கே வந்து, ரப்பர் பூட்சும் தீனி வாளியுமாக என்னை நீ முதலில் பார்க்கக் கூடாது. அது கௌரவக் குறைவு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னைத் தேடி நான் வரவேண்டியவன், நீ என்னைத் தேடி வரக் கூடாது.

அந்த ஒன்பது மணி நேரத்தை எழுத வரவில்லை. பலமுறை உட்கார்ந்து பார்த்தேன். பெரியவர் கடைசியில் என் பெயரைச் சொல்லவில்லை, அவர் மனைவி பெயரைச் சொன்னார். நானும் அப்போது உன்னைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு கதவு சாத்தின எந்த இடத்திலும் என்னால் இருக்க முடியவில்லை. மச்சான் அறையில் குளிர்காலத்திலும் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்கினோம். மச்சானுக்கு முதுகுவலி வந்தது அதனால்தான், கேள்வி மேசை நாற்காலியால் இல்லை.

நீ சந்தேகப்பட்டதில் நியாயம் இருக்கிறது. என்னை நீ சேர்த்துக்கொள்ளாவிட்டாலும் அதிலும் நியாயம் இருக்கும். வரலாமா என்று மட்டும் எழுது. வாலுவிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்லாதே.

உன் கணவன்

செப்டம்பர் 4

அண்ணாவுக்கு,

நாங்கள் மூவரும் நலம்.

அவருக்கு நான்கு வரிதான் எழுதினேன். எந்த ரயில், எந்த பஸ், எந்த நாள், குழந்தைக்கு எதுவும் வாங்கி வர வேண்டாம் என்று. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். போன மாதம் பத்தாம் தேதி வந்து சேர்ந்தார்.

நான் நிலையத்துக்குப் போகவில்லை. போக முடியாமல் இல்லை, போகப் பிடிக்கவில்லை. ஜன்னலிலிருந்து பார்த்தேன். தெருவின் எதிர்ப்பக்கத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். ரொம்ப இளைத்துவிட்டார். கால் மணி நேரம் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார், நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே வந்தால் முதலில் என்ன கேட்பது என்று ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த கேள்விகள் ஒன்றுமே அப்போது ஞாபகம் வரவில்லை. வாலு பள்ளியிலிருந்து வந்தவள்தான் பார்த்தாள். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். படியேறும்போதே கேட்டாள், "கப்பல் எங்கப்பா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் உதவி செய்யவில்லை. ஏதாவது கதை சொல்வார் என்றுதான் நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே திருப்பி அனுப்பியிருப்பேன்.

"கப்பல் போயிடுச்சும்மா. எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. இறங்கிட்டேன்" என்றார்.

வாலு இன்னொரு படி ஏறினாள். "சரி, சாப்பிட்டீங்களா?" என்றாள். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். நான் தட்டை எடுத்து வைக்க உள்ளே போனேன்.

இப்போது வாசல் கதவைத் திறந்து வைத்துத்தான் தூங்குகிறோம். தெரு நாய் ஒன்று இரண்டு முறை உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனது. கடையில் லென்ஸ் தேய்க்கிற எந்திரம் நின்றுவிட்டதென்று முதலாளி தலையில் கை வைத்தபோது இவர் வந்து அரை மணி நேரத்தில் ஓட்டிக் காட்டினார். அதைப் பார்த்து மோட்டார் பழுது பார்க்கிற பட்டறைக்காரர் ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. திங்கட்கிழமை முதல் போகிறார். அந்த ஒன்பது மணி நேரத்தில் இதுவரை மூன்று மணி நேரத்தை என்னிடம் சொல்லியிருக்கிறார். மீதிக்கு நான் அவசரப்படுத்தவில்லை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. அவர் ஒளிந்துகொண்டார், அதற்குக் காரணம் இருந்தது. நீங்கள் ஏழு மாதமும் என் கடிதத்தைப் படித்து, சிரிக்கச் சிரிக்கப் பதில் எழுதினீர்கள். அவற்றையெல்லாம் மறுபடி எடுத்துப் படித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை, எந்த வரியில் எது இருக்கிறது என்றுதான் தேடுகிறேன். இனி கொஞ்ச நாள் உங்கள் எல்லாக் கடிதத்தையும் அப்படித்தான் படிப்பேன். அவரைக் காப்பாற்றி வைத்தது நீங்கள்தான் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் ஒன்றாக என் மனசில் இருக்கின்றன, ஒன்று இன்னொன்றைத் தள்ளவில்லை.

கோபம் போய்விட்டது என்று எழுதினால் உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் அதுவும் ஒரு பொய். போகிற அன்றைக்கு நானே எழுதுகிறேன். அதுவரைக்கும் நீங்கள் எழுதுவதை நிறுத்த வேண்டாம்.

தங்கை